வெயில் ஏறினால் எழும் மிக்ஸர்

வேலூர்ப் பக்கத்தில் மைக் செட் தொழில் செய்பவர்களிடம் எஸ்எம்பிஎஸ் என்று சொல்லிப்பாருங்கள், முகம் சுளிப்பார்கள். கனமான டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலாக, மின்சாரத்தை அதிவேகமாக வெட்டி மாற்றித் தரும் பவர் சப்ளைதான் எஸ்எம்பிஎஸ். "டிரான்ஸ்ஃபார்மர் போட்ட பழைய செட் என்றால் தலைமுறைக்கும் ஓடும். இது மூன்று திருவிழா தாங்காது" என்பார்கள். அவர்கள் பட்ட நஷ்டம் உண்மை. பிழைப்பு நடக்க வேண்டிய இரவில் பெட்டி இருண்டுபோனால் ஊரார் முன்னால் தலைகுனிய வேண்டியவர் அவர்தான். ஆனாலும் அந்தத் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். என்னிடம் வரும் எஸ்எம்பிஎஸ்களில் பெரும்பாலானவை முழுதாகச் செத்து வருவதில்லை. ஏதோ ஒரு மூலையில் மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் விரல்நுனி அளவுள்ள கெபாசிட்டர் ஒன்று சூட்டில் காய்ந்திருக்கும். அதை யாரும் தேடாததால், நன்றாக உள்ள மீதிப் போர்டும் அதோடு சேர்ந்து பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.

சென்ற கோடையில் வந்த ஒரு மிக்ஸரை, அதாவது பல மைக்குகளின் ஒலியைக் கலந்து தரும் பெட்டியை, வைத்து இதைச் சொல்கிறேன். குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பெரியப்பா முறையுள்ள ஒருவர் மைக் செட் வைத்திருக்கிறார். பங்குனி தொடங்கிவிட்டால் அவருக்கு ஓய்வு கிடையாது. பழைய வட ஆற்காடு முழுக்கத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் பருவம் அது. பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் விடியவிடியக் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். மிருதங்கமும் முகவீணையும் ஆர்மோனியமும் தலைக்கு மேல் தொங்கும் மைக்குகளும் அந்த ஒரே மிக்ஸரில்தான் வந்து சேரும்.

"காலையில் எழமாட்டேன் என்கிறது தம்பி. ஸ்விட்சைப் போட்டால் டிக் டிக் என்று சத்தம், விளக்கு மினுக்மினுக்கென்கிறது. வெயில் ஏறினால் தானாக எழுந்துகொள்கிறது. எழுந்துவிட்டால் ராத்திரி முழுக்க ஒரு குறையும் இல்லை" என்றார். நகரத்தில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார். பவர் சப்ளை போர்டு போய்விட்டது, அந்த மாடலுக்குப் போர்டு வருவதில்லை, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

பழுதைக் கண்டுபிடிக்கத் தேவையான அத்தனையும் பெரியப்பாவின் பேச்சிலேயே இருந்தது. பழுதுபார்ப்பவன் முதலில் திறக்க வேண்டியது காதுகளை. ஒரு கருவி குளிரில் ஓடாமல் சூட்டில் ஓடுகிறது என்றால் முதல் சந்தேகம் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் மீதுதான் விழ வேண்டும். அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஈரமான காகிதம் வைத்துச் சுருட்டிய பாகம் அது. அந்த ஈரம் வற்றிப்போனால் கொள்ளளவு குறையும், உள்தடை ஏறும். மிச்சமிருக்கும் ஈரம் சூடானால் உள்தடை கொஞ்சம் தணியும், செத்த கெபாசிட்டர் தற்காலிகமாக வேலை செய்யும். சித்திரை வெயிலில் பந்தலுக்கடியில் கிடந்த மிக்ஸருக்கு நடந்தது இதுதான்.

எந்தக் கெபாசிட்டர் என்பதைச் சொல்ல, எஸ்எம்பிஎஸ் எப்படித் துவங்குகிறது என்று கொஞ்சம் விளக்க வேண்டும். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை நான்கு டயோடுகள் நேர்மின்சாரமாக்கி ஒரு பெரிய கெபாசிட்டரில் நிரப்புகின்றன. அங்கே சுமார் 325 வோல்ட் நிற்கும். அந்த மின்சாரத்தை மாஸ்ஃபெட் என்ற மின்னணு ஸ்விட்ச் நொடிக்கு 50,000 முதல் 1,00,000 தடவை வரை வெட்டி வெட்டி ஒரு சிறிய ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்புகிறது. இவ்வளவு வேகமாக வெட்டுவதால்தான் 50 ஹெர்ட்ஸில் ஓடும் கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்லாமல் போகிறது. மாஸ்ஃபெட்டை ஆட்டிவைப்பது ஒரு ஐசி. இந்த மிக்ஸரில் இருந்தது பல பவர் சப்ளைகளிலும் காணக்கிடைக்கும் யூசி3842 என்ற எட்டுக் கால் ஐசி.

அந்த ஐசிக்கே மின்சாரம் எங்கிருந்து வரும்? ஓடத் தொடங்கிவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள ஒரு துணைச் சுற்று, அதாவது கூடுதலாகச் சுற்றிய கம்பிச்சுருள், அதற்குச் சோறு போடும். ஆனால் ஓடத் தொடங்குவதற்கு முன்பு துணைச் சுற்றில் ஒன்றும் இருக்காது. பழைய கைப்பம்பில் முதலில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி அடித்தால்தானே நீர் ஏறும், அதே கதைதான் இங்கேயும். 325 வோல்ட்டிலிருந்து ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டர் வழியாக ஒரு மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் கசிந்து 47 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை மெல்ல நிரப்புகிறது. அதில் 16 வோல்ட் சேர்ந்ததும் ஐசி வேலையைத் தொடங்கும். தொடங்கியதும் அதன் பசி 15 மில்லி ஆம்பியர் வரை போகும். கசிந்துவரும் ஒரு மில்லி ஆம்பியர் அதற்கு எந்த மூலைக்கு? கெபாசிட்டரில் சேர்ந்திருப்பதைத்தான் தின்ன வேண்டும். 10 வோல்ட்டுக்கு இறங்குவதற்குள் துணைச் சுற்று வந்து தாங்கிக்கொள்ளாவிட்டால் ஐசி நின்றுவிடும். பிறகு மறுபடியும் நிரம்பும், தொடங்கும், நிற்கும். ஒவ்வொரு தொடக்கத்துக்கும் ஒரு 'டிக்'.

கணக்குப் போட்டால் கண்ணுக்குத் தெரியும். 47 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் 16-லிருந்து 10 வோல்ட்டுக்கு இறங்கும்போது 282 மைக்ரோ கூலும் மின்னூட்டம் தரும். 15 மில்லி ஆம்பியர் பசிக்கு அது ஏறத்தாழ 19 மில்லி நொடி தாங்கும். டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்பால், வெளியேறும் பக்கத்தில் உள்ள கெபாசிட்டர்களையெல்லாம் நிரப்பித் துணைச் சுற்றும் நிமிர்வதற்கு அந்த அவகாசம் போதும். அதே கெபாசிட்டர் காய்ந்து 5 மைக்ரோ ஃபாரட் ஆகிவிட்டால் கிடைப்பது வெறும் 2 மில்லி நொடி. அதற்குள் எதுவும் நிமிராது. ஒரு முறை எப்படியோ தொடங்கிவிட்டால் அப்புறம் துணைச் சுற்று பார்த்துக்கொள்ளும். பெரியப்பா சொன்ன "எழுந்துவிட்டால் குறையில்லை" என்பதற்கு இதுதான் பொருள்.

இனி திறக்கலாம். அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. ஓடாத எஸ்எம்பிஎஸ், ஓடுவதைவிட ஆபத்தானது. ஓடும் சப்ளையை நிறுத்தினால் பெரிய கெபாசிட்டரில் உள்ள மின்சாரம் சீக்கிரமே செலவழிந்துவிடும். ஓடாத சப்ளையில் அதைத் தின்ன ஆள் இல்லை. பிளக்கைப் பிடுங்கி வெகுநேரம் கழிந்த பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் அப்படியே காத்திருக்கலாம். 220 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரில் 325 வோல்ட் என்றால் சுமார் 11.6 ஜூல். நெஞ்சைத் தாண்டிப் போனால் உயிருக்கே உலை. ஸ்குரூடிரைவரை வைத்துப் பொறி பறக்கவிடுவது வீரமில்லை, போர்டின் தடத்தையும் கெபாசிட்டரையும் கெடுக்கும் வேலை. 2.2 கிலோ ஓம், 10 வாட் வயர் வவுண்டு ரெசிஸ்டர் ஒன்றில் காப்பிட்ட ஒயர்களை வைத்துப் பற்றவைத்துக்கொண்டால் சில நொடியில் பத்திரமாக வடித்துவிடலாம். வடித்த பிறகும் மீட்டரை வைத்துப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

இன்னொன்று, டிரான்ஸ்ஃபார்மருக்கு முந்தைய முதல்நிலைப் பக்கத்தில் 'கிரவுண்ட்' என்பது பெட்டியின் உலோகம் கிடையாது. பெரிய கெபாசிட்டரின் எதிர்முனைதான் அந்தப் பக்கத்துக்குக் கிரவுண்ட், அது நேரடியாக மெயின்ஸோடு, அதாவது வீட்டுக்கு வரும் மின்சாரத்தோடு, தொடர்புள்ளது. மீட்டரின் கறுப்பு முனையைப் பெட்டியில் வைத்து அளந்தால் வரும் எண்ணுக்குப் பொருள் இருக்காது. அலைக்காட்டியின் (ஆஸிலோஸ்கோப்) கிரவுண்ட் கிளிப்பை முதல்நிலைப் பக்கத்துக் கிரவுண்டில் மாட்டினால், மெயின்ஸிலிருந்து பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத பட்சத்தில், வெடிச் சத்தம்தான் கேட்கும்.

மிக்ஸரின் ஃபியூஸ் நன்றாகவே இருந்தது. ஃபியூஸை எல்லோரும் போயிற்றா இல்லையா என்று மட்டும் பார்க்கிறார்கள். போன ஃபியூஸும் பேசும். கண்ணாடி உள்ளே கறுத்துக் கம்பி ஆவியாகியிருந்தால் உள்ளே எங்கோ நேரடி ஷார்ட். கம்பி நடுவில் மெல்ல அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால் பெரும்பாலும் கூடுதல் சுமையோ முதுமையோதான். கறுத்த ஃபியூஸை மாற்றிவிட்டு ஸ்விட்சைப் போட்டுப் பார்ப்பது இன்னொரு ஃபியூஸை எரிப்பதற்கு மட்டும்தான் உதவும். ஃபியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பி சுற்றப்பட்ட போர்டுகளையும் பார்த்திருக்கிறேன். அதைச் செய்தவர்மீது எனக்குக் கோபம் வரும். அது பழுதுபார்த்தல் ஆகாது, கூத்துப் பந்தலின் கீற்றுக் கூரைக்குத் தீ வைக்கும் ஏற்பாடு.

மீட்டரின் டயோடு நிலையில் பிரிட்ஜையும் (அந்த நான்கு டயோடுகள்) மாஸ்ஃபெட்டையும் பார்த்தேன், ஷார்ட் இல்லை. வெளியேறும் பக்கத்து டயோடுகளும் சரி. இதைப் பார்க்காமல் விடக் கூடாது, ஏனென்றால் அந்தப் பக்கம் ஒரு டயோடு ஷார்ட்டானாலும் இதே டிக் டிக் சத்தம் வரும். பிறகு சீரியல் பல்பு. 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக வைத்து மின்சாரம் கொடுத்தால், ஷார்ட் இருக்கும் போர்டில் பல்பு முழுப் பிரகாசமாக எரிந்துகொண்டே இருக்கும், மற்ற எதுவும் எரியாது. இங்கே ஒரு கணம் பளிச்சிட்டு அடங்கியது. பெரிய கெபாசிட்டர் நிரம்பிவிட்டது, ஷார்ட் இல்லை என்று அர்த்தம். 60 வாட் பல்பு போட்டால் சில சப்ளைகள் மின்னழுத்தம் போதாமல் தாமாகவே திணறும், அதை வைத்துப் பழுது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. குண்டு பல்பு கடைகளில் அரிதாகிவருகிறது. கண்ட இடத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐசி மின்சாரம் பெறும் ஏழாம் காலில் மீட்டரை வைத்தேன். எண் நிற்கவில்லை. ஏறுவதும் சரிவதுமாக 10-க்கும் 16-க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்தது. உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வழி உண்டு. மின்சாரத்தை நிறுத்தி, வடித்து, ஹேர் டிரையரால் அந்த ஒரு கெபாசிட்டரை மட்டும் சூடாக்கினேன். மறுபடி ஸ்விட்சைப் போட்டதும் மிக்ஸர் ஒரே மூச்சில் எழுந்தது. பந்தலில் வெயில் செய்ததை மேசையில் நானே செய்துபார்த்தாயிற்று.

கழற்றி அளந்தபோது 47 இருக்க வேண்டிய இடத்தில் 6 மைக்ரோ ஃபாரட்கூட இல்லை. வெளியே பார்க்க அது புத்தம்புதிதாக இருந்தது. தலை உப்பவில்லை, கசிவில்லை. பெரிய கெபாசிட்டர்கள் போனால் உப்பிக் காட்டிக்கொடுக்கும். இந்தச் சின்னது காட்டாது. அதனால்தான் கண்ணால் மட்டும் பார்த்துப் போர்டைக் கழித்துவிடுகிறார்கள்.

அது ஏன் காய்ந்தது என்று தேடாமல் புதியதை வைப்பது பாதி வேலைதான். போர்டை உற்றுப் பார்த்தால் பதில் தெரியும். தொடராக இணைந்த 150 கிலோ ஓம் ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டர்கள் இரண்டு அந்தக் கெபாசிட்டரை ஒட்டியே நிற்கின்றன. இரண்டும் சேர்ந்து சுமார் 0.35 வாட்டை எப்போதும் சூடாக வெளியிட்டுக்கொண்டிருக்கும். மறுபுறம் மாஸ்ஃபெட்டின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க். இரண்டு அடுப்புகளுக்கு நடுவில் கெபாசிட்டரை நிறுத்தியிருக்கிறார்கள். இதை வரைந்தவர் 25 டிகிரி அறையில் உட்கார்ந்து வரைந்திருப்பார். அக்கினி நட்சத்திரத்தில் வேலூரில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும். மண்தரையில் பாய் விரித்து, தூசு படாமலிருக்கத் துண்டு போர்த்தி வைத்த மிக்ஸருக்குள் என்ன சூடு இருக்கும்!

எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டருக்கு ஒரு தோராய விதி உண்டு. சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், 10 டிகிரி கூடினால் பாதியாகும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று எழுதப்பட்டது 65 டிகிரியில் 32,000 மணி நேரம் வரும், 85 டிகிரியில் 8,000 மணி நேரம்தான். ஓர் ஆண்டுக்கே 8,760 மணி நேரம். கல்யாண மண்டபங்களில் ராக்குக்குள் பூட்டிவைத்து அணைக்காமலே விட்டுவிடும் ஆம்பிளிஃபயர்கள் ஏன் சீக்கிரம் படுத்துவிடுகின்றன என்பதற்கு இந்தக் கணக்கே போதும். இரவு முழுக்கக் கூத்துக்கு உழைப்பதைவிட, யாருக்கும் பாடாமல் ராக்குக்குள் வெந்துகொண்டிருப்பதுதான் அவற்றைத் தின்கிறது.

ஆகவே புதிதாக 105 டிகிரி, குறைந்த உள்தடை, நீண்ட ஆயுள் என்று குறிக்கப்பட்ட வகையில் 47 மைக்ரோ ஃபாரட், 50 வோல்ட் போட்டேன். இதற்காகவே காட்பாடியில் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகும்போதெல்லாம், தெரிந்த கடையில் நல்ல உருப்படிகளாகப் பார்த்து வாங்கி வைத்திருக்கிறேன். கால்களைக் கொஞ்சம் நீளமாக விட்டு, ஸ்லீவ் மாட்டி, ரெசிஸ்டர்களிலிருந்து விலக்கிச் சாய்த்து நிறுத்தினேன். ரெசிஸ்டர்களையும் போர்டிலிருந்து தூக்கி நிற்கும்படி மாற்றினேன். பக்கத்தில் பாகங்கள் ஆடாமலிருக்கத் தொழிற்சாலையில் ஊற்றிய பசை கரும்பழுப்பாக மாறியிருந்தது. வெளிர்மஞ்சளாக இருக்கும்வரை அது தொந்தரவு செய்யாது. சூட்டில் கறுத்தால் மின்சாரத்தைக் கடத்தவும் கால்களை அரிக்கவும் தொடங்கிவிடும். பொறுமையாக முழுவதையும் சுரண்டி எடுத்தேன். வெளியேறும் பக்கத்தில் உள்தடை ஏறியிருந்த கெபாசிட்டர்களையும் மாற்றினேன். மொத்தச் செலவு குடியாத்தத்திலிருந்து வேலூர் போய்வரும் பஸ் கட்டணத்தோடு ஒப்பிடக்கூடியது.

பழுதுகள் எல்லாம் இவ்வளவு சாதுவாக வருவதில்லை. கம்பத்தில் நியூட்ரல் கம்பி தளர்ந்து, 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் இரண்டு ஃபேஸ்களுக்கு இடைப்பட்ட 400 வோல்ட் வரை ஏறிவிட்டால் பெரிய கெபாசிட்டர் 560 வோல்ட்டுக்கு மேல் பார்க்கும். அதன் தாங்குதிறன் 400 அல்லது 450. அப்போது, அளவுமீறிய மின்னழுத்தத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் வாரிஸ்டர் வெடித்து ஃபியூஸை அறுத்துவிட்டால் நல்லது, அது தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருக்கிறது. மாஸ்ஃபெட் போயிருந்தால் அதை மட்டும் மாற்றி ஸ்விட்சைப் போடாதீர்கள். மாஸ்ஃபெட் ஷார்ட்டாகும்போது அதன் கீழே உள்ள அரை ஓம்முக்கும் குறைந்த ரெசிஸ்டர் அறுந்திருக்கும், ஐசி மாஸ்ஃபெட்டை ஆட்டிவைக்கும் வழியில் உள்ள கேட் ரெசிஸ்டர் போயிருக்கும், பல நேரம் ஐசியும் போயிருக்கும். இவற்றில் ஒன்றை விட்டாலும் புதிய மாஸ்ஃபெட் கண்ணிமைக்கும் நேரத்தில் பழையதன் வழியே போகும்.

அடிக்கடி பார்க்கும் இன்னொரு கொடுமை டயோடு விஷயம். யூஎஃப்4007 இருந்த இடத்தில் 1என்4007 போட்டுவிடுகிறார்கள். இரண்டும் ஒரே அளவு, ஒரே 1,000 வோல்ட், ஒரே ஒரு ஆம்பியர், எண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் யூஎஃப்4007 தன் கடத்தலை நிறுத்திக்கொள்ள 75 நானோ நொடி போதும். 1என்4007-க்குப் பல மைக்ரோ நொடி பிடிக்கும். சப்ளையின் ஒரு முழுச் சுழற்சியே 10 முதல் 20 மைக்ரோ நொடிதான். மூட வேண்டிய நேரத்தில் திறந்தே கிடக்கும் டயோடு சூடேறும், போகும்போது மாஸ்ஃபெட்டையும் கூட்டிக்கொண்டு போகும். கடைக்காரர் "இதுவும் அதுவும் ஒன்றுதான்" என்றால் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

மிக்ஸர் எழுந்துவிட்டது என்பதோடு வேலை முடிவதில்லை. ஒலிக்கருவிக்குச் சுத்தமான மின்சாரம் வேண்டும். நேர் 15, எதிர் 15 வோல்ட்டுகள் சமமாக நிற்கின்றனவா, கண்டென்சர் மைக்குக்குப் போகும் 48 வோல்ட் சரியாக வருகிறதா என்று அளந்தேன். ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்கள் எல்லாவற்றையும் ஏற்றிவைத்து ஹெட்ஃபோனில் கேட்டேன். கெபாசிட்டர் மாற்றுவதற்கு முன் பின்னணியில் இருந்த மெல்லிய இரைச்சல் அடங்கியிருந்தது. அது மிக்ஸரின் சுபாவம் என்றுதான் பெரியப்பா இத்தனை காலம் நினைத்திருந்தார்.

பிளக்கைப் பார்த்தபோது எர்த் முள் இல்லை. ஸ்பீக்கரில் 'ம்ம்' என்ற ஹம் இரைச்சல் வருகிறது என்று யாரோ வெட்டியிருக்கிறார்கள். மைக் செட்காரர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இதைத்தான். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் பெட்டியின் உலோகத்துக்குச் சின்னக் கெபாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தக் கசிவு தரைக்குப் போய்விடும். இல்லையென்றால் பெட்டியும் மைக்கும் பாதி மெயின்ஸ் அழுத்தத்தில் மிதக்கும். மின்சாரம் மில்லி ஆம்பியரின் சிறு பகுதிதான், சுர்ரென்று மட்டும் இருக்கும். ஆனால் அந்தக் கெபாசிட்டர்களில் ஒன்று ஷார்ட்டாகிவிட்டாலோ, ஒயர் ஒன்று பெட்டியில் உரசினாலோ, வியர்வையில் நனைந்த கையால் மைக்கைப் பிடித்திருப்பவருக்கும் மெயின்ஸுக்கும் நடுவே எதுவும் இல்லை. ஹம் வந்தால் மிக்ஸரையும் ஆம்பிளிஃபயரையும் ஒரே எர்த் உள்ள ஒரே ஸ்விட்ச் போர்டிலிருந்து எடுங்கள், இரைச்சலை ஒதுக்கும் பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள். முள்ளை வெட்டாதீர்கள். புதுப் பிளக் மாட்டிக் கொடுத்தபோது பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். "மேடையில் நிற்கிற பிள்ளைகள் நம் ஊர்ப் பிள்ளைகள்தானே, இனி வெட்டவிட மாட்டேன்" என்றார்.

மாற்றிய பாகங்களையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். அடுத்து யார் திறந்தாலும் எங்கிருந்து தேடுவது என்று தெரியும். மிக்ஸரைத் தரையில் வைக்காமல் நான்கு மூலைக்கும் கட்டை கொடுத்து உயர்த்தி, பின்புறக் காற்றுத் துளைகளைத் துண்டு மூடாமல் பார்த்துக்கொள்ளும்படியும், கூத்து முடிந்ததும் சுவர் ஸ்விட்சிலேயே அணைக்கும்படியும் சொல்லியனுப்பினேன்.

அவர் போகும்போது, உள்ளேயே ஆம்பிளிஃபயர் உள்ள பவர்டு ஸ்பீக்கர் ஒன்றை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஃபியூஸ் இருக்கிறது, 325 வோல்ட் இருக்கிறது, டிக் சத்தம்கூட இல்லை. ஐசியின் காலுக்கு ஒரு வோல்ட்டும் வந்து சேரவில்லை. இதில் ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டர் அறுந்திருக்க வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்துதான் தொடங்கப்போகிறேன்.